கனடா ‘மிஸ்ரெப்’ கடிதத்துக்குப் பதில் எழுதித் தரும் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

ஸ்காபரோவிலும் பிராம்ப்டனிலும் குடிவரவு அலுவலகம் நடத்துபவர்கள் ‘பி.எஃப்.எல். பதில்’ என்று ஒரு தனிச் சேவை தருகிறார்கள். அதையே இங்கிருந்தே செய்து தருகிறோம் என்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் விசா ஏஜென்ட்டுகள் சொல்வதுண்டு. பி.எஃப்.எல். என்பது கனடா குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி. அனுப்பும் புரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர். விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் இருப்பதாக அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால், முடிவு எழுதுவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்டு இந்தக் கடிதம் வரும். சந்தேகத்தின் பெயர் மிஸ்ரெப்ரெசென்டேஷன். பேச்சு வழக்கில் ‘மிஸ்ரெப்’.

இந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். உரிமம் உள்ள ஒருவர் உங்கள் பழைய விண்ணப்பங்கள் அனைத்தையும் படித்து, நடந்தது என்ன என்று கண்டுபிடித்து, ஆவணங்களை அடுக்கிப் பதில் கட்டித் தந்தால் அது கேட்ட காசுக்குத் தகும். கடிதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் இரண்டு பக்க மன்னிப்புக் கடிதம் தருவது எவ்வளவு மலிவாக இருந்தாலும் தகாது. வெளியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

என்ன ஆபத்து என்று தெரிந்தால்தான் சேவையின் தரத்தை அளக்க முடியும். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 40-ஆம் பிரிவு இதற்கானது. ஒரு முக்கியத் தகவலை நேரடியாகவோ மறைமுகமாகவோ தவறாகச் சொன்னாலும், சொல்லாமல் விட்டாலும், அதனால் சட்ட நிர்வாகத்தில் பிழை நேர்ந்தாலும், நேரக்கூடும் என்றாலும் நுழைவுத் தகுதி போய்விடும். ‘நேரக்கூடும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதிகாரி உண்மையில் ஏமாந்திருக்க வேண்டியதில்லை. பிழை பிடிபட்டுவிட்டது என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. ‘மறைமுகமாக’ என்பதால் ஏஜென்ட் நிரப்பியதும், துணைவர் மறைத்ததும் விண்ணப்பதாரர் தலையில் வரும். வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

தடை 5 ஆண்டுகள். 2014 நவம்பர் 21 வரை அது 2 ஆண்டுகளாக இருந்தது. அன்று அமலுக்கு வந்த திருத்தம் அதை 5 ஆக்கியது. அந்தக் காலத்தில் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, விண்ணப்பிக்கவும் முடியாது என்று 40(3)-ஐயும் சேர்த்தது. தடை எப்போது தொடங்குகிறது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். கனடாவுக்கு வெளியே முடிவெடுக்கப்பட்டால் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து. கனடாவுக்குள் என்றால் வெளியேற்ற உத்தரவு நிறைவேறிய நாளிலிருந்து, அதாவது கிளம்பிப் போன பிறகு. கனடாவிலேயே இருந்துகொண்டு 5 ஆண்டு கழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் அந்த அலுவலகத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே தரம் தெரிந்துவிடும். நல்ல அலுவலகம் கட்டணம் சொல்வதற்கு முன் நான்கு விஷயங்கள் கேட்கும். ஐ.ஆர்.சி.சி. அனுப்பிய கடிதம் முழுதாக, தேதியோடு. இதுவரை கனடாவுக்குப் போட்ட எல்லா விண்ணப்பங்களின் நகல், மறுக்கப்பட்டவையும் சேர்த்து. அவற்றை நிரப்பியவர் யார், கையெழுத்திட்டவர் யார். வேறு எந்த நாட்டுக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள். இந்த நான்கையும் கேட்காமல் ‘இது எங்களுக்குப் பழக்கம்தான், முடித்துவிடலாம்’ என்பவர் கோப்பைப் படிக்கப் போவதில்லை. விண்ணப்ப நகல் கையில் இல்லை, ஏஜென்ட்டிடம் இருக்கிறது என்பது நம்மவர்களிடம் வழக்கமான நிலை. ஐ.ஆர்.சி.சி. இணையக் கணக்கே ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கும். அப்படியானால் கடிதமும் அவருக்குத்தான் போயிருக்கும். அவர் உங்களிடம் சொல்லும்போது பாதி நாள் போயிருக்கும். அதனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கையில் வாங்குவதுதான் முதல் வேலை. நகல்களை வாங்குவது இரண்டாவது.

உரிமம் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. சட்டத்தின் 91-ஆம் பிரிவுப்படி காசு வாங்கிக்கொண்டு குடிவரவு விண்ணப்பத்தில் ஆலோசனை தரவோ உங்கள் சார்பில் நிற்கவோ அனுமதி உள்ளவர்கள் மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உரிமம் பெற்றவர்கள் மட்டுமே. கல்லூரி, வழக்கறிஞர் சங்கம் இரண்டின் இணையதளத்திலும் பொதுப் பதிவேடு உண்டு. பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று காட்டும். ஆலோசகர் எழுத்தில் சேவை ஒப்பந்தம் தர வேண்டும். ஐ.எம்.எம். 5476 என்ற பிரதிநிதி படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் போட வேண்டும். ‘என் பெயர் வேண்டாம், நீங்களே போட்டது மாதிரி அனுப்புங்கள்’ என்று சொல்பவரை விட்டு அப்போதே விலகுங்கள். பிரதிநிதியை மறைப்பதே அடுத்த மிஸ்ரெப்புக்கு விதை போடுவது.

நாள் கணக்கு. கடிதத்திலேயே கெடு இருக்கும். 30 நாள் கிடைப்பதுண்டு. 7 அல்லது 10 நாள் மட்டும் தருவதும் உண்டு. கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணுங்கள், நீங்கள் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. அவகாசம் கேட்கலாம், கெடு முடிவதற்கு முன், காரணத்தோடும் ஆதாரத்தோடும் கேட்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பதில் வராவிட்டால் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, கையில் இருப்பதைக் கெடுவுக்குள் அனுப்பிவிட்டு, மீதியைப் பின்னால் சேர்க்க அனுமதி கேட்பதுதான் பாதுகாப்பு. அவகாசம் கேட்டுவிட்டோம் என்று சும்மா இருக்கும் அலுவலகம் உங்கள் 5 ஆண்டுகளை வைத்துச் சூதாடுகிறது.

இங்கே ஒரு துணைச் சரக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: ‘ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ்’. அதிகாரிகள் உங்கள் கோப்பில் எழுதும் குறிப்புகள் அவை. ஏன் சந்தேகம் வந்தது, யாருக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள், எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்க 5 டாலர். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தத் தகவலைக் கேட்கக் கட்டணமே இல்லை. 2022 ஜூலையிலிருந்து கனடாவுக்கு வெளியே இருப்பவர்களும் அப்படிக் கேட்கலாம். சட்டப்படி 30 நாள், நீட்டிக்கவும் முடியும். ஆகவே 10 நாள் கெடு உள்ள கடிதத்துக்கு இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் நேரத்துக்கு வராது. அப்படியும் கேட்டு வைப்பது சரிதான், வழக்கு நீதிமன்றம் வரை போனால் தேவைப்படும். ஆனால் ‘நோட்ஸ் எடுத்துத் தருகிறோம், அதைப் பார்த்துப் பதில் எழுதுவோம்’ என்று பெரிய தொகை கேட்டால், கெடுவுக்குள் எப்படி வரும் என்று நேரடியாகக் கேளுங்கள். விமான நிலையத்திலோ எல்லையிலோ நடந்த விசாரணை என்றால் குறிப்புகள் எல்லைச் சேவை முகமையிடமும் இருக்கும். அதற்குத் தனி மனு போட வேண்டும். இதை மறந்துவிடும் அலுவலகங்கள் அதிகம்.

இனி சேவையின் நெஞ்சுப் பகுதி, பதிலைக் கட்டுவது. தொழில் தெரிந்தவர் எழுத உட்காரும் முன் மூன்றில் எந்தப் பாதை என்று முடிவு செய்வார். அதிகாரி சொல்வதே தவறு, சொன்னது உண்மைதான் என்பது ஒன்று. தவறான தகவல்தான், ஆனால் அது முக்கியத் தகவல் அல்ல, விண்ணப்பத்தின் போக்கைத் தொடவே தொடாது என்பது இரண்டு. நேர்மையான பிழை என்பது மூன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் முதலில் பிடிக்கிறார்கள். அதுதான் மிகக் குறுகலான சந்து. விண்ணப்பதாரர் உண்மை என்றே நம்பியிருக்க வேண்டும், அப்படி நம்பியது நியாயமாகவும் இருக்க வேண்டும், சரியான தகவல் அவருடைய கைக்கு எட்டாத இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் இதைச் சுருக்கி வைத்திருக்கிறது. தன் விசா மறுக்கப்பட்டது தனக்கே தெரியாது என்று ஒருவர் சொல்ல முடியாது. மூன்று பாதையையும் ஒரே கடிதத்தில் கலந்து, ‘நான் பொய் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் தெரியாமல் சொன்னேன், மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதித் தருவது இந்தச் சேவையின் மிக மோசமான வடிவம். ஒவ்வொரு வரியும் முந்தின வரியைக் கவிழ்க்கும்.

அதிகம் வரும் குற்றச்சாட்டு மறைத்த விசா மறுப்பு. கனடா படிவத்தில் கேள்வி ‘கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு விசா அல்லது பெர்மிட் மறுத்ததா’ என்றுதான் இருக்கிறது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பி1/பி2 என்ற வருகையாளர் விசா கேட்டு மறுத்ததும் அதில் அடங்கும். எந்த ஆண்டு என்பது பொருட்டல்ல. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை, எப்படித் தெரியும் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விரல்ரேகை அடிப்படையில் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. இங்கே நல்ல பதில் செய்ய வேண்டியது என்ன? முதலில் மறுப்பின் வகை. அமெரிக்கத் தூதரகம், கூடுதல் ஆவணமோ விசாரணையோ தேவை என்று நிறுத்திவைக்கும் 221(ஜி) தாள் கொடுத்துப் பின்பு விசா வழங்கியிருந்தால், வழங்கிய விசாப் பக்கம் வலுவான ஆதாரம். 214(பி) என்றால் அது முழு மறுப்பு. விளக்கத்தால் அதை மாற்ற முடியாது. அடுத்து, அதே மறுப்பை முன்பு போட்ட ஏதாவது ஒரு கனடா விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறீர்களா என்று பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். துறையின் கையில் ஏற்கெனவே இருந்த தகவலை மறைக்க நினைத்தார் என்று சொல்வது கடினம். அந்தப் பக்கத்தை இணைத்தால் கதையே மாறும். பழைய நகல்களை முதல் நாளிலேயே கேட்கும் அலுவலகம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

வேலை அனுபவக் கடிதம் அடுத்தது. அதிகாரி கடிதத்திலுள்ள எண்ணுக்கு அழைப்பார். திருப்பூரிலோ அம்பத்தூரிலோ ஒரு தொழிற்சாலை. தொலைபேசியை எடுப்பவர் வாசலில் இருப்பவர். கேட்ட பெயர் அவருக்குத் தெரியாது. ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று குறிப்பில் ஏறிவிடும். சம்பளம் ஒப்பந்ததாரர் பெயரில் போகும் நிறுவனங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். பதிலில் இருக்க வேண்டியவை: அழைப்பை எடுத்தவர் யார், அவருக்கு ஏன் தெரியவில்லை என்று மனிதவளப் பிரிவின் கையெழுத்துக் கடிதம், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து; நியமனக் கடிதம்; சம்பளச் சீட்டு; அந்தச் சம்பளம் வரவான வங்கிக் கணக்குத் தாள்; வருமான வரித் தாள்களான ஃபார்ம் 16, 26ஏ.எஸ்.; பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கில் அந்த நிறுவனத்தின் பெயர், மாதவாரிப் பங்களிப்பு. பி.எஃப். பாஸ்புக் அரசு அமைப்பின் பதிவு, பின்தேதி போட்டு எளிதில் உருவாக்க முடியாதது. அதனால் அது ஒரு பக்கம் இருந்தாலே பத்துக் கடிதத்துக்குச் சமம். ஒப்பந்ததாரர் பெயர் அதில் இருந்தால், ஒப்பந்ததாரருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள உடன்படிக்கையும் சேர வேண்டும்.

கையில் ரொக்கமாகக் கூலி வாங்கியவருக்கு இது கடினம், முடியாதது அல்ல. கடையின் ஜி.எஸ்.டி. பதிவு, உரிமையாளரின் உறுதிமொழிப் பத்திரம், உடன் வேலை செய்தவர்களின் பத்திரங்கள், வருகைப் பதிவேட்டின் படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டலாம். வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு வேறொரு சிக்கல். குடியிருப்பு விசாவில் தொழில் ‘ஹெல்பர்’ என்றிருக்கும். அனுபவக் கடிதத்தில் ‘சூப்பர்வைசர்’ என்றிருக்கும். அங்கே விசாவின் தொழிற்பெயர் உண்மையான வேலையோடு ஒத்துப்போகாதது சகஜம் என்று வாயால் சொன்னால் போதாது. தொழிலாளர் ஒப்பந்தம், சம்பளப் பரிமாற்றப் பதிவு, அந்தப் பொறுப்பில் கையெழுத்திட்ட வேலைத் தாள்கள் வேண்டும். இன்னொன்று: அனுபவக் கடிதத்தின் கடமைப் பட்டியல் கனடாவின் தொழில் வகைப்பாட்டில் உள்ள வாசகத்தை அப்படியே வரிக்கு வரி நகலெடுத்திருந்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பதில் கடிதத்தில் அதே வாசகத்தை மறுபடி ஒட்டும் அலுவலகங்கள் இருக்கின்றன. செய்த வேலையைச் சொந்தச் சொற்களில், எந்த இயந்திரம், எத்தனை பேர் கீழே, எந்த மென்பொருள் என்று எழுதச் சொல்பவர்தான் தேர்ந்தவர்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, வங்கியில் தலைப்பெழுத்து பின்னால், பழைய நிறுவனத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. சரிபார்க்க அழைத்த அதிகாரி பாஸ்போர்ட் பெயரைச் சொல்கிறார்; நிறுவனப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. பொய்யே இல்லாத இடத்தில் மிஸ்ரெப் கடிதம் இப்படியும் வரும். இதை ஒரு பத்தியில் விளக்கி, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை இணைத்தால் விஷயம் தெளிவாகும். தமிழ் மரபு தெரிந்த வழக்கறிஞர் இதைப் பார்த்தவுடனே பிடித்துவிடுவார். தெரியாதவர் சந்தேகத்தைப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகும். தமிழ் பேசும் அலுவலகத்துக்குப் போவதால் உண்மையான லாபம் கிடைக்கும் இடம் இது ஒன்று.

திருமண நிலை இன்னொன்று. கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு இன்னும் செய்யவில்லை, ஆகவே படிவத்தில் ‘திருமணமாகாதவர்’. இது தவறு. இந்து திருமணச் சட்டத்தின்படி சடங்கால் திருமணம் முடிந்துவிடுகிறது. பதிவு அதற்கான சான்று மட்டுமே. தமிழ்நாட்டில் 1967 திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமும் செல்லும். பி.ஆர். விசா கையில் வந்த பிறகு, கனடாவில் இறங்குவதற்கு முன் நடந்த திருமணத்தையும் பிறந்த குழந்தையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மிஸ்ரெப் ஒரு பக்கம்; பின்னால் அந்தக் குடும்பத்தினரை ஸ்பான்சர் செய்ய ஒழுங்குவிதி 117(9)(டி) தடை மறுபக்கம். இந்தத் தடைக்கு 2019 செப்டம்பரில் ஒரு சலுகைக் கொள்கை தொடங்கப்பட்டது. அது யாருக்குப் பொருந்தும் என்று பார்க்காமல் ‘இனி ஸ்பான்சர் செய்யவே முடியாது’ என்று கையை விரிக்கும் ஆலோசகரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது நல்லது.

பண ஆதாரம் பற்றிச் சுருக்கமாக: எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குக் காட்டும் குடியேற்றத் தொகை கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது. வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டி ‘என் சேமிப்பு’ என்றால், அதைக் காப்பாற்ற எந்தப் பதிலாலும் முடியாது. போலி வங்கிக் கடிதமும் அப்படியே. அதை நேரடியாகச் சொல்லி, வேலையை ஏற்க மறுக்கும் வழக்கறிஞருக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுத்தது வீண் அல்ல. புதிய போலி ஒன்றால் பழைய போலியை மூடப் பார்ப்பவருக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. 127, 128 பிரிவுகளின்படி இது குற்ற வழக்காகவும் மாறலாம். உச்ச தண்டனை 1,00,000 டாலர் அபராதம், 5 ஆண்டு சிறை.

ஏஜென்ட்டின் மேல் பழி போடும் பதில்களைத் தனியாகப் பேச வேண்டும். சில வழக்குகளில் அது உண்மை. 2023-இல் போலிக் கல்லூரி அனுமதிக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் மாட்டியபோது, ஏமாற்றப்பட்டவர்களைப் பிரித்துப் பார்க்கக் கனடா அரசு ஒரு பணிக்குழுவே அமைத்தது. அந்த டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்லூரியிடமே உறுதிசெய்யும் முறையும் வந்தது. ஆனால் பொதுவாக, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘எல்லாவற்றையும் படித்தேன், உண்மை’ என்ற உங்கள் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது நியாயமான நம்பிக்கை ஆகாது. ஏஜென்ட்டிடம் உண்மையைச் சொன்னதற்கான தடயம் வேண்டும்: மின்னஞ்சல், தேதியும் எண்ணும் தெரியும் வாட்ஸ்அப் உரையாடல், அவருக்குக் கொடுத்த பணத்தின் வங்கிப் பதிவு, அதன்பின் அவர்மேல் குடிவரவு ஆலோசகர் கல்லூரியிலோ காவல்துறையிலோ கொடுத்த புகார். உரையாடல் தமிழிலோ ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலோ இருந்தால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு தேவை. குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது. இந்த மொழிபெயர்ப்புக்கு நான்கைந்து நாள் போகும் என்று முதல் நாளே திட்டமிடுபவர் வேலை தெரிந்தவர்.

விண்ணப்பத்தை முதலில் போட்ட அதே ஆலோசகர் பதிலையும் எழுத முன்வந்தால் கவனம். பிழை அவருடையதாக இருந்தால், அவர் உங்களுக்காக எழுதும் ஒவ்வொரு வரியும் அவரையே காப்பாற்றிக்கொள்ளும் வரியாக மாற வாய்ப்புண்டு. நேர்மையான ஆலோசகர் ‘இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, வேறொருவரிடம் ஆலோசனை கேளுங்கள்’ என்று சொல்லிக் கோப்பை முழுதாகக் கையில் கொடுப்பார். ‘இலவசமாகவே பதில் எழுதித் தருகிறேன்’ என்பதுதான் பயப்பட வேண்டிய சலுகை. பின்னால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முந்தைய பிரதிநிதியின் திறமையின்மையைக் காரணமாகச் சொல்வதானால், அவருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலளிக்க வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விதி வைத்திருக்கிறது.

நல்ல பதில் எப்படி இருக்கும்? முதல் பக்கத்தில் கோப்பு எண்ணும் கடிதத்தின் தேதியும். கடிதத்திலுள்ள ஒவ்வொரு சந்தேகமும் தனித் தலைப்பில், அதற்குக் கீழே பதில், பக்கத்தில் ஆவண எண். விண்ணப்பதாரரின் உறுதிமொழிப் பத்திரம், முதல் ஆளில், அவருடைய சொந்த நடையில், சட்டச் சொல் இல்லாமல். அதன்பின் சட்ட வாதம். ஐ.ஆர்.சி.சி. கணக்கில் ஒரு கோப்புக்கு 4 எம்.பி. வரைதான் ஏறும், நூறு பக்கத்தை மங்கலான படமாகச் சுருக்கிப் போட்டால் அதிகாரியால் படிக்க முடியாது. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, பொருளடக்கத்தோடு ஒன்றாக்குவது எளிய வேலை, அதைச் செய்யாத அலுவலகங்களே அதிகம்.

கடைசியாக, மாற்றுக் கோரிக்கை. மிஸ்ரெப் உண்டு என்றே முடிவெடுத்தாலும், 25-ஆம் பிரிவின்படி மனிதாபிமான அடிப்படையில் விலக்கு, அல்லது 24-ஆம் பிரிவின்படி தற்காலிக வதிவிட அனுமதி தர வேண்டும் என்று கேட்கலாம். வெளிப்படையாகக் கேட்காவிட்டால் அதிகாரி பரிசீலிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவரின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2015-இல் தந்த ‘கந்தசாமி’ தீர்ப்புக்குப் பின், மனிதாபிமானக் காரணங்களைத் தனித்தனியாக வெட்டிப் பார்க்காமல் மொத்தமாக எடைபோட வேண்டும். அந்த வாதத்தைப் பதிலில் சேர்க்க இரண்டு பக்கம் போதும். பல பதில்களில் அது இருப்பதே இல்லை.

ஏன் இவ்வளவையும் இந்த ஒரே பதிலில் அடைக்க வேண்டும்? மறுத்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். மனுக் கட்டணம் 50 டாலர். முடிவு கனடாவுக்குள் எடுக்கப்பட்டதானால் 15 நாளில், வெளியே என்றால் 60 நாளில். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது அதிகாரி முன் இருந்த தாள்களைத்தான். பி.எஃப். பாஸ்புக்கை அப்போது இணைக்காமல் இப்போது கொண்டுபோனால் சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். அங்கே வாதாட வழக்கறிஞர்தான் வேண்டும், ஆலோசகருக்கு அனுமதி இல்லை.

துணைவரையோ குழந்தையையோ ஸ்பான்சர் செய்த வழக்கில் மிஸ்ரெப்பால் மறுத்தால் ஸ்பான்சர் செய்தவர் 30 நாளில் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்த வழக்கில் மிஸ்ரெப் காரணமென்றால் அந்த வாசல் மூடியிருக்கும். ஏற்கெனவே பி.ஆர். உள்ளவர் மேல் குற்றச்சாட்டு வந்தால் பாதை வேறு: 44-ஆம் பிரிவு அறிக்கை, குடிவரவுப் பிரிவில் விசாரணை, பிறகு மேல்முறையீடு. அங்கே வாய்மொழிச் சாட்சியம் உண்டு, புதிய ஆதாரம் சேரும், குழந்தைகளின் நலன், கனடாவில் வேரூன்றிய காலம், வருத்தம் எல்லாம் எடைபோடப்படும். இந்த இரண்டு பாதைக்கும் ஒரே கட்டணம், ஒரே மாதிரிக் கடிதம் என்று சொல்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

யாரிடம் போகலாம் என்றால், ஆவணத்தால் தீரும் சிக்கலுக்கு, அதாவது பெயர், பி.எஃப்., மறுப்பு வகை போன்றவற்றுக்கு, அனுபவமுள்ள உரிம ஆலோசகர் போதும். நேர்மையான பிழை, ஏஜென்ட் மோசடி, திருமணம், பி.ஆர். பறிபோகும் வழக்கு என்றால் வழக்கறிஞரிடமே போங்கள். முழு வழக்கையும் கொடுக்கப் பணம் போதாதவர்கள் வழக்கறிஞரிடம் வரையறுத்த வேலை மட்டும் கேட்கலாம்: கோப்பைப் படித்து எந்தப் பாதை என்று சொல்வது, உறுதிமொழிப் பத்திரத்தைத் திருத்துவது, சட்ட வாதத்தை எழுதுவது. ஆவணம் திரட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். காசுக்கு அதிகப் பயன் கிடைப்பது இந்த ஏற்பாட்டில்தான். ‘விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிட்டால் பிரச்சினை போய்விடும்’ என்ற யோசனைக்கு மட்டும் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். வாபஸ் கேட்டாலும் மிஸ்ரெப் முடிவை எழுத அதிகாரிக்குத் தடை இல்லை.

வேலை முடிந்ததும் அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: அனுப்பிய முழுத் தொகுப்பின் நகல், பதிவேற்றிய நாளும் நேரமும் தெரியும் உறுதிப்பக்கம், கணக்கின் கடவுச்சொல். முடிவு வரும் நாளில் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பவர் நீங்களாக இருக்க வேண்டும், நீதிமன்றத்துக்கான 15 நாளோ 60 நாளோ அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும்.